உடம்பைக் கொடுத்துக் கடன் அடைக்கலாமா?



பைனல் எக்ஸாம் நெருங்கும் வாரத்தில் எந்தப் பல்கலைக்கழக ஹோஸ்டலுக்குப் போனாலும் ஒரே பேச்சுதான் காதில் விழும். "நேத்து மூணு மணி நேரம்தான் தூங்கினேன்" என்பார் ஒருவர். "நான் தூங்கவே இல்ல மச்சான்" என்பார் பக்கத்தில் இருப்பவர். இதில் வருத்தம் கொஞ்சம்தான், பெருமை நிறைய. சாப்பிடாமல் அசைன்மென்ட் முடித்தவனை நாம் பாராட்டுகிறோம். ஒன்பது மணிக்கு லேப்டாப்பை மூடிவிட்டுத் தூங்கப் போகிறவனைப் பார்த்தால், "இவனுக்குப் படிப்பில் அக்கறையே இல்லை" என்று மனசுக்குள்ளாவது சொல்லிக்கொள்கிறோம்.

ஸ்ட்ரெஸ் உடம்புக்குக் கெடுதல் என்பது நமக்குத் தெரியாத விஷயமா? பள்ளிக்கூடத்திலிருந்தே கேட்டுப் பழகியதுதான். தெரிந்தும் ஏன் உடம்பைக் கெடுத்துக்கொள்கிறோம் என்றால், அது கெடுதல் என்று தெரிகிறதே தவிர, தப்பு என்று தோன்றுவதில்லை. சொல்லப்போனால் அது நமக்கு ஒரு நல்ல காரியம் மாதிரியே தெரிகிறது. அப்பா ஓவர்டைம் செய்து தேய்ந்தார், அம்மா தொழிற்சாலை ஷிப்ட்டில் தேய்ந்தார், பதிலுக்கு நானும் தேய்வதுதான் நியாயம். இப்படி ஒரு கணக்கு நம்மில் பல பேருக்குள்ளே ஓடிக்கொண்டிருக்கிறது. இந்தக் கணக்கு சரிதானா என்று யோசிக்கத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் உடம்பில் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவோம். இதற்கு நமக்குத் தெரிந்த ஆளே இருக்கிறார். பகவத் கீதையின் முதல் அத்தியாயத்தில் போர்க்களத்தில் நிற்கிற அர்ஜுனனுக்கு உடம்பு நடுங்குகிறது, வாய் காய்ந்துபோகிறது, வில் கையில் நிற்க மாட்டேன் என்கிறது. இன்றைக்கு ஒரு மருத்துவரிடம் இதைச் சொன்னால் உடனே அடையாளம் கண்டுகொள்வார். ஆபத்து என்று மூளை முடிவு செய்த அடுத்த நொடியே அட்ரினலின் ரத்தத்தில் கலக்கிறது. இதயம் வேகமாக அடிக்கிறது, ரத்த அழுத்தம் ஏறுகிறது, எச்சில் வற்றுகிறது, ஜீரண வேலை மெதுவாகிறது. கொஞ்ச நேரத்தில் கார்டிசோல் என்ற ஹார்மோனும் சேர்ந்துகொள்கிறது. கல்லீரலைத் தூண்டி ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றிவிடுவது அதன் வேலைகளில் ஒன்று. ஓடவோ சண்டை போடவோ தசைகளுக்கு எரிபொருள் வேண்டும், அதற்கான ஏற்பாடு இது. அபாரமான வடிவமைப்பு. குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் இது எதிரி எதிரில் நிற்கும் சில நிமிஷங்களுக்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு. பதினான்கு வாரம் நீடிக்கும் செமெஸ்டருக்கு ஆனது இல்லை. நாமோ நாற்காலியில் உட்கார்ந்தபடியே அந்த எரிபொருளை ஏற்றிக்கொள்கிறோம், எங்கேயும் ஓடுவதில்லை.

ஸ்ட்ரெஸ் என்ற சொல்லை மருத்துவத்தில் பரப்பியவர் ஹான்ஸ் செல்யே. கனடாவின் மொன்ட்ரியாலில் ஆராய்ச்சி செய்த அவர், 1936-இல் எலிகளைப் பற்றி ஒரு சின்னக் கட்டுரை வெளியிட்டார். குளிர், காயம், அளவுக்கு மீறிய உடல் உழைப்பு, மருந்து என்று எந்தத் துன்பத்தைக் கொடுத்தாலும் எலிகளின் உடம்பில் ஒரே மாதிரி மாற்றங்கள் தெரிந்தன. அட்ரினல் சுரப்பி வீங்கியது, நோய் எதிர்ப்புக்கு உதவும் தைமஸ் சுரப்பி சுருங்கியது, வயிற்றில் புண் வந்தது. துன்பம் எதுவாக இருந்தாலும் உடம்பு கொடுக்கும் விலை ஏறக்குறைய ஒன்றுதான் என்று அவர் புரிந்துகொண்டார்.

எலிக்கு வந்தது மனுஷனுக்கும் வருமா என்று கேட்கலாம். நம்மைப் போன்ற மாணவர்களை வைத்தே ஒரு சோதனை நடந்திருக்கிறது. அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பல் மருத்துவம் படித்த 11 மாணவர்களின் மேலண்ணத்தில் சின்னதாக ஒரு காயம் ஏற்படுத்தினார்கள். ஒருமுறை விடுமுறையில், இன்னொருமுறை பரீட்சைக்கு மூன்று நாள் முன்பு. இரண்டும் ஒரே அளவுக் காயம். பரீட்சை நேரத்துக் காயம் ஆறுவதற்குச் சராசரியாக மூன்று நாள் கூடுதலாக ஆனது. அதாவது 40 விழுக்காடு அதிகம். 11 பேரில் ஒருவருக்குக்கூட விடுமுறையில் ஆறிய வேகத்தில் ஆறவில்லை. 1998-இல் இது வெளியானது. அதற்கு முன்பே, 1991-இல், ஷெல்டன் கோஹன் குழுவினர் 394 ஆரோக்கியமான தொண்டர்களின் மூக்கில் சளிக் கிருமிகளைச் சொட்டுச் சொட்டாக விட்டுப் பார்த்திருந்தார்கள். யாருக்கு மன அழுத்தம் அதிகமாக இருந்ததோ, அவர்களுக்கே தொற்று அதிகமாக வந்தது. பரீட்சை சமயத்தில் மட்டும் ஏன் நமக்குச் சளியும் காய்ச்சலும் வருகிறது, கண் திருஷ்டியா என்று இனிமேல் கேட்க வேண்டியதில்லை.

இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். எல்லா நோய்க்கும் ஸ்ட்ரெஸ்தான் காரணம் என்று பழி போடுவதும் ஆபத்து. வயிற்றுப்புண் டென்ஷனால் வருவது என்று உலகமே ரொம்ப காலம் நம்பியது. பேரி மார்ஷல், ராபின் வாரன் என்ற இரண்டு ஆஸ்திரேலிய மருத்துவர்கள் பெரும்பாலான புண்களுக்கு ஒரு பாக்டீரியா காரணம் என்று காட்டினார்கள். 2005-இல் அவர்களுக்கு நோபல் பரிசும் கிடைத்தது. ஆகவே மாதக்கணக்கில் கேஸ்ட்ரிக் இருந்தால் "எல்லாம் ஸ்ட்ரெஸ்" என்று சொல்லிக்கொண்டு மாமாக் கடையில் தே தாரிக் குடித்துக்கொண்டிருக்காதீர்கள். மருத்துவரைப் பாருங்கள்.

நான் படிப்பது பொறியியல். ஸ்ட்ரெஸ் என்ற சொல் எங்கள் துறையிலிருந்துதான் மற்றவர்களுக்குப் போனது என்பதில் எங்களுக்கு ஒரு சின்ன கர்வம் உண்டு. இரும்பில் பாரம் ஏற்றினால் ஒரு அளவு வரைக்கும் தாங்கும், பாரத்தை எடுத்ததும் பழைய நிலைக்கு வந்துவிடும். இதைப் படித்ததும் "அப்போ அந்த அளவைத் தாண்டாம இருந்தா போதும்" என்றுதான் தோன்றும். நம் உடம்பைப் பற்றியும் நாம் அப்படித்தான் நினைக்கிறோம். "எனக்குத் தாங்கும் சார், இன்னும் மயங்கி விழலையே!"

இரும்பே அப்படி இல்லை. 1954-இல் காமெட் ரக ஜெட் பயணிகள் விமானங்கள் இரண்டு, ஜனவரியில் ஒன்றும் ஏப்ரலில் ஒன்றுமாக, நடுவானில் உடைந்து மத்தியதரைக் கடலில் விழுந்தன. அந்தக் காலத்தின் மிக நவீனமான விமானம் அது. காரணம் கண்டுபிடிக்க ஒரு முழு விமான உடலைத் தண்ணீர்த் தொட்டியில் வைத்து, மேலே பறக்கும்போதும் இறங்கும்போதும் ஏற்படும் அழுத்தத்தைத் திரும்பத் திரும்பக் கொடுத்தார்கள். ஒவ்வொரு தடவையும் கொடுத்த அழுத்தம் உலோகம் தாங்கக்கூடியதுதான். ஆனாலும் சுமார் 3,000 தடவை ஆனபோது ஜன்னல் மூலையில் தொடங்கிய விரிசலில் உடல் கிழிந்தது. இதற்கு எங்கள் பாடத்தில் பட்டீக் என்று பெயர். களைப்பு என்றே அர்த்தம். ஒரே தடவையில் உடைக்க முடியாத பாரம், விடாமல் திரும்பத் திரும்ப வந்தால் உடைத்துவிடும். விரிசல் வளரும்போது வெளியே சத்தம் கேட்காது. கடைசி நாள் வரைக்கும் விமானம் நன்றாகவே பறக்கும்.

உலோகத்தைவிட நாம் கொடுத்துவைத்தவர்கள் என்றுதான் சொல்ல வேண்டும். உலோகம் தூங்கினால் விரிசல் மூடாது. நம் உடம்பு தூங்கினால் தன்னைத்தானே பழுது பார்த்துக்கொள்கிறது. அந்தப் பழுது பார்க்கும் நேரத்தைத்தான் நாம் வெட்டி எடுத்து அசைன்மென்ட்டுக்குக் கொடுக்கிறோம்.

இந்த நாட்டில் நம் சமூகத்துக்கு இதில் தனிக் கவலையும் உண்டு. 2019-இல் எடுத்த தேசியச் சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பது தெரிந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் அது அதிகம். சாப்பாடு, பரம்பரை, உடற்பயிற்சி இல்லாமை என்று காரணங்கள் பல. அதற்கு மேலே, எப்போதும் ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றிவைக்கிற ஒரு வாழ்க்கையும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

இனி அந்தக் கணக்குக்கு வருவோம். ஸ்ட்ரெஸ் என்று வாயைத் திறந்தாலே வீட்டில் ஒரு பதில் வரும். "எங்க காலத்துல நாங்க படாததா? விடியறதுக்கு முன்னாடி பெரட்டுக்குப் போய் நின்னோம். அப்பல்லாம் யாரு ஸ்ட்ரெஸ்னு சொன்னா?" இதை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. பால்மரத் தோட்டத்தில் அவர்கள் பட்ட பாட்டில் பத்தில் ஒரு பங்கும் நாம் படவில்லை. ஆனால் இப்படிச் சொல்ல நம் முன்னால் இருக்கிறவர்கள், தாங்கிப் பிழைத்தவர்கள். தாங்காமல் நாற்பதிலும் ஐம்பதிலும் போய்ச் சேர்ந்தவர்கள் வந்து சொல்லப் போவதில்லை. உங்கள் குடும்பத்துப் பழைய புகைப்படத்தை எடுத்து, அதில் இருக்கிறவர்கள் என்ன வயதில், எந்த நோயில் போனார்கள் என்று பாட்டியிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

பால்மரத்தைப் பற்றியே இன்னொன்று. சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் இயக்குநராக இருந்த எச். என். ரிட்லி, 1890-களில், மரத்தைச் சாகடிக்காமல் பட்டையை மட்டும் மெல்லியதாகச் சீவிப் பால் எடுக்கும் முறையை உருவாக்கினார். அதற்குப் பிறகு தோட்டங்களில் ஒரே மரத்தைப் பொதுவாகத் தினமும் வெட்டுவதில்லை, ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டினார்கள். அளவுக்கு மீறி வெட்டினால் பட்டை வறண்டு பால் நின்றுபோகும். வெட்டிய பட்டை மறுபடியும் வளர வருஷக்கணக்கில் ஆகும். இது பெரிய கிராணி முதல் மரம் வெட்டும் தொழிலாளி வரை எல்லாருக்கும் தெரிந்த விஷயம். இதில் எனக்கு மனசு உறுத்துவது என்னவென்றால், ஒரு நிரை மரத்துக்கு ஓய்வு நாள் என்றால், அதை வெட்டிய ஆளுக்கு அன்றைக்கு வேறு நிரையில் வேலை. மரத்துக்குத் தெரிந்துகொடுத்த ஓய்வு மனுஷனுக்குக் கொடுக்கப்படவில்லை. அந்தக் காலத்தில் நம் தாத்தா பாட்டிகளுக்கு வேறு வழியில்லை. வழியில்லாமல் செய்ததை நாம் பண்பாடு என்றே எடுத்துக்கொண்டு, வழி இருக்கும்போதும் தொடர்கிறோமோ என்பதே என் சந்தேகம்.

பெற்றோருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் கடனை வாங்கியவர் எதில் திருப்பிக் கொடுக்கிறார் என்பதைக் கொடுத்தவரும் ஏற்றுக்கொள்ள வேண்டும் அல்லவா? அப்பா ஓவர்டைம் செய்தது எதற்கு? நான் அவரை மாதிரி முதுகு வலியோடு இருக்கக் கூடாது என்பதற்கு. அவர் வாங்கிக்கொடுத்த பொருளையே உடைத்து, அந்தத் துண்டுகளைக் கொண்டுபோய் "இந்தாங்கப்பா, உங்க கடன்" என்று கையில் வைத்தால் அவர் என்ன செய்வார்? கீதையின் முதல் அத்தியாயத்தில் நடுங்கிய அதே அர்ஜுனனிடம், ஆறாம் அத்தியாயத்தில் கண்ணன், சாப்பாட்டிலும் தூக்கத்திலும் அளவு தவறியவனுக்கு யோகம் கைகூடாது என்கிறார். மிகுதியும் கூடாது, பட்டினியும் கண்விழிப்பும் கூடாது. போர் தொடங்கப் போகிற நேரத்தில் சொன்ன பேச்சு அது என்பதை மறந்துவிடக் கூடாது. வேலையெல்லாம் முடிந்த பிறகு ஓய்வெடு என்று அவர் சொல்லவில்லை. நாமோ ஓய்வைச் சம்பளம் மாதிரி நினைக்கிறோம், முதலில் சம்பாதிக்க வேண்டும், பிறகுதான் எடுக்கலாம் என்று.

இதற்கு நேர் எதிர்ப்பக்கத்திலிருந்தும் ஒரு நியாயமான கேள்வி வரும். பிடிபிடிஎன் கடன் வாங்கிப் படிக்கிறவன், சாயங்காலம் மோட்டாரில் உணவு டெலிவரி செய்து தங்கைக்கு டியூஷன் பணம் அனுப்புகிறவன். அவனிடம் போய் "ரிலாக்ஸ் பண்ணு, மூச்சை இழுத்து விடு" என்றால் அது அறிவுரையா, கேலியா? இந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. பிரிட்டிஷ் அரசு ஊழியர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த வைட்ஹால் ஆய்வுகள் ஒரு விஷயத்தைக் காட்டின. இதய நோய் அதிகம் வந்தது மேலே உட்கார்ந்து பெரிய முடிவெடுக்கும் அதிகாரிகளுக்கு அல்ல. கீழ்நிலையில், தன் வேலையைத் தான் தீர்மானிக்க முடியாதவர்களுக்கே. ஆகவே ஸ்ட்ரெஸ் என்பது மனசை அடக்கத் தெரியாதவனின் பலவீனம் மட்டுமில்லை. பாரம் வெளியிலிருந்தும் வருகிறது. தனியாளிடம் "நீ சமாளி" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது சரியாகாது.

எங்கள் பாடத்தில் ஸ்ட்ரெஸ் என்பது விசையைப் பரப்பால் வகுத்தால் வருவது. விசையைக் குறைக்க முடியாவிட்டால் பரப்பைக் கூட்டு என்பது முதல் வருஷப் பாடம். இதைப் படிக்காமலேயே நம் ஆட்கள் பத்துமலையில் செய்துகாட்டுகிறார்கள். தைப்பூசத்தில் காவடி எடுப்பவரைக் கவனித்துப் பாருங்கள். அவர் தனியாக 272 படி ஏறுவதே இல்லை. முன்கூட்டியே விரதம் இருந்து உடம்பைத் தயார் செய்கிறார். கூடவே நாலு பேர் நடக்கிறார்கள். ஒருவர் கையில் ஸ்டூல், ஒருவர் கையில் தண்ணீர், ஒருவர் காலைப் பிடித்துவிடுகிறார், ஒருவர் கூட்டத்தை விலக்குகிறார். நடுவழியில் அவர் உட்கார்ந்தால், "என்னப்பா, அதுக்குள்ள களைச்சிட்டியா?" என்று யாரும் கேட்பதில்லை. மேலே போனதும் காவடியை இறக்கிவிடுகிறார்கள். அடுத்த நாளும் அதைத் தோளில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போகிறவர் யாரையாவது பார்த்திருக்கிறீர்களா?

படிப்பு என்ற காவடிக்கு மட்டும் நாம் ஸ்டூல் கொடுப்பதில்லை.

சரி, நடைமுறையில் என்ன செய்யலாம்? புதுசாக எதுவும் இல்லை, எல்லாம் பழைய விஷயம்தான். தூக்கத்தை வெட்டாதீர்கள், ஏழு மணி நேரமாவது வேண்டும். ராத்திரி பத்து மணிக்குக் குடித்த கோப்பியில் பாதி, விடியற்காலை மூன்று மணிக்கும் உங்கள் ரத்தத்தில் இருக்கும், மாலைக்கு மேல் வேண்டாம். ஏற்றிவைத்த எரிபொருளை எரிக்க நடங்கள். ஜிம் கட்டணம் தேவையில்லை, ஹோஸ்டலைச் சுற்றி அரை மணி நேரம் போதும். நிமிஷத்துக்கு ஆறு தடவை என்ற அளவில் மெதுவாக மூச்சு விட்டால் இதயத் துடிப்பு இறங்குவதை நீங்களே நாடி பிடித்துப் பார்க்கலாம். லெக்சர் முடிந்து பஸ்ஸுக்குக் காத்திருக்கும் ஐந்து நிமிஷத்தில் இதைச் செய்துவிடலாம். நம் பாட்டன்மார் பிராணாயாமம் என்றதை யூடியூப்பில் வேறு பெயரில் பார்த்தால்தான் நம்புவோம் என்றால் அப்படியே ஆகட்டும், செய்தால் சரி.

இவை எல்லாம் விசையைக் குறைக்கும் வழிகள். பரப்பைக் கூட்டும் வழிகளுக்குத்தான் கொஞ்சம் வெட்கத்தை விட வேண்டும். கெம்பஸில் கவுன்சிலிங் பிரிவு இருக்கிறது, அங்கே போகிறவனைப் பைத்தியம் என்று நினைக்கிற வழக்கத்தை நம் தலைமுறையோடு நிறுத்திக்கொள்ளலாம். ராத்திரி இரண்டு மணிக்கு மனசு ரொம்ப மோசமான இடத்துக்குப் போனால், பேசுவதற்குப் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பினர் இருக்கிறார்கள். நம் இயக்கத்தின் வகுப்புகளிலும் முகாம்களிலும் ஒரு தம்பியோ தங்கையோ வழக்கத்துக்கு மாறாக அமைதியாக இருந்தால் "சாப்டியா? தூங்கினியா?" என்று கேளுங்கள். "சிஜிபிஏ எவ்வளவு?" என்பதைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம். எஸ்டிபிஎம் எழுதப் போகிற பிள்ளைக்கு ஒரு அண்ணன் இரண்டு மணி நேரம் கணக்குச் சொல்லிக்கொடுத்தால், அந்தப் பிள்ளைக்கு இரண்டு மணி நேரத் தூக்கம் கிடைக்கும்.

கடைசியாக ஒன்று, இதை எழுதும்போதுதான் எனக்கே பெரிதாகத் தெரிந்தது. இதுவரை நம் உடம்பைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன். "எங்க அம்மா ஒரு நிமிஷம்கூட உட்கார மாட்டாங்க" என்று நாம் எத்தனை தடவை பெருமையாகச் சொல்லியிருப்போம்! பட்டமளிப்பு விழாவிலும் சொல்வோம், அன்னையர் தினத்துக்கு ஃபேஸ்புக்கிலும் போடுவோம். அம்மா உட்காராததால் லாபம் யாருக்கு? நமக்குத்தான். ஒருவர் உடைவதால் லாபம் அடைகிறவர், அந்த உடைதலுக்குத் தியாகம் என்று பெயர் வைத்துப் புகழ்வதில் ஏதோ சரியில்லை. புகழப் புகழ அவரால் உட்காரவும் முடியாமல் போகிறது. இரண்டு மாதமாகத் தலைசுற்றல் என்பதைக்கூட, பிள்ளைக்கு எக்ஸாம் என்று அவர் மறைத்துவிடுவார். நீங்களும் ஹோஸ்டலில் காய்ச்சலை மறைத்து "நல்லா இருக்கேன்மா" என்று போனில் சொல்வீர்கள். இரண்டு பேரும் பாசத்தால்தான் பொய் சொல்கிறீர்கள்.

செமெஸ்டர் விடுமுறையில் வீட்டுக்குப் போனதும் ஒரு காலையை ஒதுக்குங்கள். அப்பா அம்மாவை அரசாங்கக் கிளினிக்குக்கு அழைத்துப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துவிட்டு, உங்களுக்கும் சேர்த்துப் பார்த்துக்கொண்டு வாருங்கள். பதிவுக் கட்டணம் ஆளுக்கு ஒரு வெள்ளிதான். அன்றைக்கு மதியச் சமையலை நீங்கள் செய்யுங்கள், அம்மா எழுந்து அடுப்படிக்கு வந்து "உப்பு போட்டியா?" என்று கேட்டால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.